பாம்புக்கடிச் சாவு விதியல்ல! ராத்திரி கரண்டை நிறுத்து, பகல் கரண்டைக் கொடு!



நம்ம சங்கத்து நோட்டீஸ் என்றாலே தக்காளி விலை, உர விலை, கூட்டுறவுக் கடன், மார்க்கெட் கமிஷன் என்றுதான் இருக்கும். இந்தத் தடவை பாம்பைப் பற்றி எழுதியிருக்கிறோம். "சங்கத்துக்காரனுக்கு வேற வேலை இல்லையா, பாம்பைப் பத்தி எழுதறான்" என்று சிலர் சிரிப்பார்கள். சிரிக்கிறவர்கள் ஒரு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மக்காச்சோளக் காட்டுக்குள் மடை மாத்தப் போய்ப் பார்க்கட்டும். அப்புறம் பேசலாம்.

நம்ம ஊரில் யாராவது பாம்பு கடித்துச் செத்தால் நாம் என்ன சொல்கிறோம்? "அவன் விதி, நேரம் சரியில்லை." பந்தல் போடுகிறோம், மாலை போடுகிறோம், காரியத்துக்குப் போய்விட்டு வந்துவிடுகிறோம். நாங்கள் கேட்கிற கேள்வி இதுதான்: அந்த நேரத்தில் அவனை அந்த வரப்புக்கு அனுப்பியது யார்? விதியா, மூணு பேஸ் கரண்டா?

நடந்தது இதுதான்

தாராபுரம் ரோட்டுப் பக்கம் நம்ம சங்கத்து உறுப்பினர் ஒருத்தர். ரெண்டு ஏக்கர் மக்காச்சோளம், அரை ஏக்கர் சின்ன வெங்காயம். சில வருஷத்துக்கு முந்தி நடந்தது. அந்த வாரம் அவர் பக்கத்துக்கு ராத்திரி முறை. மோட்டாரைப் போட்டுவிட்டு, செல்போன் லைட்டை வாயில் கவ்விக்கொண்டு, மண்வெட்டியோடு வாய்க்காலைத் திருப்பப் போனார். காலில் ரப்பர் செருப்பு. வரப்பில் கிடந்தது கண்ணாடி விரியன். மிதித்துவிட்டார்.

அதற்கப்புறம் நடந்ததில் எங்களுக்கும் பங்கு உண்டு, மறைக்க விரும்பவில்லை. முதலில் அவரை மந்திரிக்கிறவரிடம் கூட்டிப் போனோம். துண்டைக் கிழித்து முழங்காலுக்கு மேலே இறுக்கிக் கட்டினோம். அதில் ஒண்ணேகால் மணி நேரம் போச்சு. கால் வீங்கி, பல் ஈறில் ரத்தம் கசிந்த பிறகு ஒரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே மருந்து இருப்பு இல்லை என்றார்கள். அடுத்த ஆஸ்பத்திரி போய்ச் சேர விடியற்காலை ஆகிவிட்டது. ஆள் பிழைத்தார். கிட்னி பழுதாகி, வாரக்கணக்கில் மிஷினில் ரத்தம் சுத்தம் பண்ணி, ரெண்டு கறவை மாட்டை வித்து, வெங்காயக் காட்டை ஒத்திக்கு வைத்து வீடு வந்தார். இன்றைக்கும் ஒரு மூட்டையைத் தூக்கச் சொன்னால் அவரால் முடியாது.

அவர் கேட்டது ஒரே வார்த்தை: "ஏப்பா, பகல்ல கரண்டு வந்திருந்தா நான் எதுக்கு ராத்திரி போகப்போறேன்?" அந்த ஒரு வார்த்தைக்குப் பதில் தேடித்தான் இந்த நோட்டீஸ்.

கணக்கு என்ன சொல்கிறது?

2020-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, 2000-லிருந்து 2019 வரை இருபது வருஷத்தில் இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்பு கடித்துச் செத்திருக்கிறார்கள் என்று கணக்கிட்டது. வருஷத்துக்குச் சராசரி 58,000 பேர். செத்தவர்களில் பெரும்பாலோர் கிராமத்தார். பாதிச் சாவு மழைக்காலத்தில், அதாவது விதைப்பும் களையெடுப்பும் மும்முரமாக நடக்கிற காலத்தில். ஏறக்குறைய பாதிப் பேர் முப்பது வயசுக்கும் எழுபது வயசுக்கும் நடுவில் இருந்தவர்கள், குடும்பத்தைத் தூக்கிச் சுமக்கிறவர்கள்.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஆய்வு செய்து 2013-ல் வெளியிட்டார்கள். கடிபட்ட பல குடும்பங்கள் வைத்தியத்துக்குக் கடன் வாங்கியதையும் சொத்தை விற்றதையும் அது பதிவு செய்தது. நமக்கு இதைச் சொல்ல ஆய்வு வேண்டியதில்லை, பக்கத்து வீட்டைப் பார்த்தால் போதும். ஆனால் படித்தவர்களுக்குக் காகிதத்தில் இருந்தால்தான் நம்பிக்கை வருகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2017-ல் பாம்புக்கடியைக் "கவனிக்கப்படாத நோய்கள்" பட்டியலில் சேர்த்தது. கவனிக்காமல் விட்டது யார்? கடிபடுகிறவன் ஏழை. அவனுக்கு மருந்து கண்டுபிடித்தால் லாபம் இல்லை. அவன் செத்தால் பேப்பரில் ரெண்டு வரி. நம்ம மத்திய அரசு 2024 மார்ச்சில் ஒரு தேசியத் திட்டம் அறிவித்தது, 2030-க்குள் சாவைப் பாதியாகக் குறைப்போம் என்று. தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக ஆக்கியது. எந்த ஆஸ்பத்திரிக்குக் கடிபட்டவர் வந்தாலும் அரசுக்குக் கணக்குக் கொடுத்தாக வேண்டும். நல்ல உத்தரவு, வரவேற்கிறோம். ஆனால் கணக்கு எடுக்கிறவன் கடி எங்கே நடந்தது, எத்தனை மணிக்கு நடந்தது, அந்த ஆள் அங்கே எதற்குப் போனான் என்பதையும் சேர்த்து எழுதட்டும். அப்போது தெரியும் குற்றவாளி யார் என்று.

எந்தப் பாம்பு, எங்கே இருக்கும்?

எதிரியைத் தெரியாமல் சண்டைக்குப் போகக் கூடாது. பாம்பு நமக்கு எதிரியே இல்லை என்பது வேறு விஷயம், அதைப் பின்னால் சொல்கிறோம். இந்தியாவில் முன்னூறுக்கு மேல் பாம்பு வகை இருக்கிறது. அதில் விஷமுள்ளது கொஞ்சம். நம்ம பக்கத்துக் காட்டில், வீட்டில் ஆளைக் கொல்கிற பாம்பு முக்கியமாக நாலுதான். இதைப் பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டுங்கள்.

நல்ல பாம்பு: படம் எடுப்பதால் எல்லோருக்கும் தெரியும். எலி எங்கேயோ அங்கே இருக்கும். வைக்கோல் போர், தானியம் அடுக்கிய அறை, கோழிக்கூடு, கரையான் புற்று. விஷம் நரம்பைத் தாக்கும். கண் இமை தொங்கும், நாக்கு குழறும், மூச்சு நிற்கும்.

கட்டு விரியன்: கறுத்த உடம்பில் மெல்லிய வெள்ளைக் கட்டு, ஜோடி ஜோடியாக. இது ராத்திரிப் பாம்பு. வீட்டுக்குள் வரும். தரையில் பாய் விரித்துப் படுக்கிறவர்களைத்தான் அதிகம் கடிக்கும். கடித்தால் பெரிய வலியோ வீக்கமோ இருக்காது, தடம்கூடத் தெரியாது. விடியற்காலை வயிற்று வலி என்று எழுந்திருப்பார், "ராத்திரி சாப்பிட்டது சேரலை" என்று சுக்குக் கஷாயம் கொடுப்போம். கண் சொருக ஆரம்பித்த பிறகுதான் புரியும். தரையில் படுத்தவருக்கு விடியற்காலையில் காரணமில்லாத வயிற்று வலியும், கண் இமை தூக்க முடியாத நிலையும் வந்தால் உடனே ஆஸ்பத்திரி. யோசிக்கவே கூடாது.

கண்ணாடி விரியன்: பருத்த உடம்பு, முதுகில் சங்கிலி கோத்த மாதிரி வட்டம் வட்டமாக மூணு வரிசை. குக்கர் விசில் விடுகிற மாதிரி சீறும். வரப்பு, கரும்புச் சோகை, மக்காச்சோளத் தட்டை, தென்னந்தோப்பில் மட்டைக் குவியல், இதெல்லாம் இதன் இடம். ஓடாது, அசையாமல் கிடக்கும், அதனால்தான் மிதிக்கிறோம். விஷம் ரத்தத்தை உறையாமல் செய்யும், கிட்னியைப் பிடிக்கும்.

சுருட்டை விரியன்: ஒரு முழம் அளவு சின்னப் பாம்பு. மானாவாரிக் காடு, கல் குவியல், செம்மண் கரடு. உடம்பைச் சுருட்டி உரசி ரம்பம் அறுக்கிற மாதிரி சத்தம் போடும். "சின்னதுதானே" என்று அலட்சியம் வேண்டாம். இதுவும் ரத்தத்தைக் கெடுக்கும். கல் பொறுக்குகிற, வேலி முள் வெட்டுகிற தாய்மார்கள் கையில் கடிபடுவது இதனிடம்தான்.

இந்த நாலுக்கும் ஒரே மருந்துதான். எந்தப் பாம்பு என்று பிடித்துக்கொண்டு போக வேண்டிய அவசியமே இல்லை. பாம்பைத் தேடி அடிக்கப் போய் ரெண்டாவது ஆளும் கடிபட்ட கதை எல்லா ஊரிலும் உண்டு. மலைக்கு மேலே பாச்சலூர், வடகாடு என்று காபித் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: மேற்குத் தொடர்ச்சி மலையில் குழிவிரியன் வகைகள் உண்டு. அவற்றுக்கு இந்த நாலு பாம்பு மருந்து பொருந்தாது. ஆனாலும் ஆஸ்பத்திரிதான் வழி, வேறு வழி கிடையாது.

விஷமில்லாததை ஏன் அடிக்கிறோம்?

சாரைப் பாம்புக்கு விஷம் கிடையாது. அது மாட்டு மடியில் பால் குடிக்காது, நல்ல பாம்போடு சேராது. அது செய்கிற வேலை எலி பிடிப்பது. மக்காச்சோளத்தில் ஒரு எலி வளை எவ்வளவு கதிரைத் தின்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். எலி மருந்துக்குக் காசு கொடுக்கிற நாம், கூலி வாங்காமல் எலி பிடிக்கிறவனைத் தடியால் அடிக்கிறோம். எலி பெருகினால் அதைத் தேடி நல்ல பாம்பு வரும். சாரையை அடிப்பது நல்ல பாம்புக்கு வெற்றிலை பாக்கு வைப்பது மாதிரி. நாங்களும் அடித்தவர்கள்தான். தெரியாமல் செய்தோம், இனி செய்யக் கூடாது.

கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டு, சுடுகாட்டு மரத்தில் ஏறிப் பிணம் எரிகிற புகையைப் பார்த்த பிறகுதான் இறங்கும் என்று நம்ம பாட்டி சொன்னது கதை. அது மரத்தில் ஓணானும் தவளையும் பிடிக்கிற பாம்பு, ஆளுக்கு ஆபத்தில்லை. பச்சைப் பாம்பு கண்ணைக் குத்தும் என்பதும், மண்ணுளி நக்கினால் குஷ்டம் வரும் என்பதும் பொய். அந்த மண்ணுளியை "இரட்டைத் தலை, லட்சக்கணக்கில் விலை போகும்" என்று சொல்லி ஏமாற்றுகிற கும்பல் சுற்றுகிறது. வாங்கினாலும் விற்றாலும் கேஸ்தான்.

வெள்ளிக்கோல் வரையன் என்று ஒன்று உண்டு. வீட்டுச் சுவர் இடுக்கில் பல்லி பிடிக்க வரும். பார்க்கக் கட்டு விரியன் மாதிரியே இருக்கும், ஆனால் விஷமில்லை. வரையனுக்கு வெள்ளைக் கட்டு கழுத்துக்குப் பக்கத்திலேயே ஆரம்பித்து வாலை நோக்கி மங்கிப் போகும். கட்டு விரியனுக்குத் தலைப் பக்கம் மங்கலாக இருந்து வாலை நோக்கித் தெளிவாகும். ஆனால் ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கடித்த பாம்பின் வாலை எவன் பார்க்கிறான்? அதனால் சந்தேகம் என்றாலே விஷப்பாம்பு என்று வைத்துக்கொண்டு ஓடுங்கள்.

மந்திரத்தில் பிழைக்கிற கதையின் ரகசியமும் இதில்தான் இருக்கிறது. கடிக்கிற பாம்பில் பாதிக்கு மேல் விஷமில்லாதது. விஷப்பாம்பு கடித்தாலும் சில நேரம் விஷம் இறங்காமல் வெறும் பல் மட்டும் படும். இவர்களெல்லாம் வேப்பிலை அடித்தாலும் பிழைப்பார்கள், அடிக்காவிட்டாலும் பிழைப்பார்கள். பிழைத்தவர் ஊர் ஊராகச் சொல்வார். விஷம் ஏறி மந்திரித்த இடத்திலேயே செத்தவர் வந்து சாட்சி சொல்ல மாட்டார். மந்திரிக்கிற பெரியவரை நாங்கள் கேவலப்படுத்தவில்லை. அவரும் நம்ம ஊர்க்காரர்தான், பலர் காசுகூட வாங்குவதில்லை. அவரிடமே கேட்டுக்கொள்கிறோம்: "ஐயா, ஆளை முதல்ல 108-ல ஏத்துங்க, மந்திரத்தை வண்டியில போகும்போது சொல்லிக்குங்க."

ராத்திரி கரண்டு யார் கொடுத்த சீதனம்?

இப்போது மூல விஷயத்துக்கு வருவோம். கட்டு விரியனும் கண்ணாடி விரியனும் ராத்திரிதான் இரை தேடும். அது இயற்கை கொடுத்த முறை. அதே நேரத்தில் மனுஷனை அதே வரப்புக்கு அனுப்புவது இயற்கை இல்லை. அது கரண்டு முறை.

நம்ம பாசனத்துக்கு மூணு பேஸ் கரண்டைப் பகலில் சில மணி நேரம், ராத்திரி சில மணி நேரம் என்று கூறு போட்டுக் கொடுக்கிற பழக்கம் பல வருஷப் பழக்கம். 2021 ஏப்ரல் 1 முதல் 24 மணி நேரமும் மூணு பேஸ் என்று அறிவிப்பு வந்தது. உங்கள் ஊர் பீடரில் பகலில் எத்தனை மணி நேரம் தடையில்லாமல் வருகிறது என்று நீங்களே ஒரு நோட்டில் குறித்துப் பாருங்கள். பகலில் நாலு தடவை போய், ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒழுங்காக வருகிற கரண்டை 24 மணி நேர கரண்டு என்று சொன்னால் அது ஏட்டுச் சுரைக்காய்.

நாங்கள் இதைப் பேசினால் மூணு பதில் வரும். மூணுக்கும் பதில் சொல்லிவிடுகிறோம்.

ஒண்ணு: "ஓசி கரண்டுதானே, எப்பக் கொடுத்தாலும் வாங்கிக்க." ஓசி இல்லை ஐயா! யூனிட்டுக்கு ஒரு பைசா குறைக்கச் சொல்லிப் போராடி 1970 ஜூன் 19-ல் பெருமாநல்லூரில் மூணு விவசாயிகள் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார்கள். 1972-ல் மாட்டு வண்டிப் போராட்டம். 1978-ல் நம்ம வேடசந்தூரிலேயே விவசாயி ரத்தம் சிந்தினான். அதற்கப்புறம்தான் 1984-ல் சிறு விவசாயிக்கும் 1990-ல் எல்லா விவசாயிக்கும் கட்டணமில்லா மின்சாரம் வந்தது. உயிரைக் கொடுத்து வாங்கிய கரண்டு இது. அதைப் பயன்படுத்தவும் ஒரு உயிர் கொடுக்கணுமா?

ரெண்டு: "பகலில் லோடு தாங்காது, தொழிற்சாலைக்கு வேணும்." இது பழைய காலத்துப் பதில். இன்றைக்குத் தமிழ்நாட்டில் சூரிய மின்சாரத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. சூரியன் எப்போது வேலை செய்கிறது? பகலில். கரண்டு தட்டுப்பாடு வருவது சாயங்காலம் லைட் போடுகிற நேரத்தில். மதியம் விளைகிற கரண்டை மதியமே நம்ம மோட்டாருக்குக் கொடுத்தால் யாருக்கு நஷ்டம்? குஜராத்தில் விவசாயிக்குப் பகல் கரண்டு கொடுக்க 2020-லேயே தனித் திட்டம் ஆரம்பித்தார்கள். மகாராஷ்டிராவில் 2017-லிருந்து விவசாய பீடர்களுக்குச் சூரிய மின்சாரம் கொடுக்கிற திட்டம் நடக்கிறது. அது போதாது என்று 2022-ல் கொல்லாப்பூரில் ராஜு ஷெட்டி தலைமையில் விவசாயிகள் பகல் கரண்டு கேட்டு நாள்கணக்கில் உட்கார்ந்தார்கள். அங்கேயும் அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று பாம்பு. விவசாய பீடரைச் சூரிய மின்சாரத்துக்கு மாற்ற மத்திய அரசின் குசும் திட்டமும் 2019-லிருந்து இருக்கிறது. வழி இருக்கிறது, மனசுதான் இல்லை.

மூணு: "செல்போனில் போடுகிற ஸ்டார்ட்டர் வந்துவிட்டதே, வீட்டில் படுத்துக்கொண்டே மோட்டார் போடலாமே." போடலாம். மோட்டார் ஓடும். மடையை யார் மாத்துவது? செல்போனா மண்வெட்டி பிடிக்கும்? சொட்டுநீர் போட்டவனுக்கு வால்வு திருப்பும் வேலையாவது குறையும். வாய்க்கால் பாசனக்காரன் வரப்பில் நின்றுதான் ஆக வேண்டும். "பாம்பென்றால் படையும் நடுங்கும்" என்பார்கள். படை நடுங்கலாம், மடை மாத்துகிறவன் நடுங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தால் பயிர் காய்ந்து போகுமே!

மருந்து நம்ம மண்ணிலிருந்து போகிறது, நமக்குத்தான் கிடைக்கவில்லை

பாம்புக்கடி மருந்து பாம்பு விஷத்திலிருந்துதான் வருகிறது. விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புச் சக்தியைப் பிரித்து மருந்தாக்குகிறார்கள். நாட்டுக்கு அந்த விஷத்தைக் கொடுப்பதில் முன்னால் நிற்பவர்கள் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இருக்கிற இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கத்தார். 1978-ல் ஆரம்பித்த சங்கம். பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, மறுபடியும் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அதைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். இவர்களை 2017-ல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கே மலைப்பாம்பு பிடிக்கக் கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடம் போகாத கை, உலகத்துக்கு உயிர் கொடுக்கிறது.

அப்படி வந்த மருந்து அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். மருந்து கையிருப்பு இருக்கிறது என்றுதான் மேலிடத்தில் சொல்கிறார்கள். ஆனால் ராத்திரி ரெண்டு மணிக்குக் கதவைத் தட்டினால் திறக்க ஆள் இருக்கணும். மருந்து போட்டால் சிலருக்கு ஒவ்வாமை வரும், அதைச் சமாளிக்கிற டாக்டர் இருக்கணும். நல்ல பாம்பு, கட்டு விரியன் கடிக்கு மூச்சு மிஷின் இருக்கணும். இல்லாவிட்டால் "திண்டுக்கல்லுக்குக் கொண்டு போ" என்பார்கள். நம்ம ஊரிலிருந்து திண்டுக்கல் முப்பது கிலோமீட்டருக்கு மேல். திண்டுக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி 2022-ல் திறந்தது நல்லதுதான். ஆனால் விஷம் பஸ் டைம் பார்த்து ஏறுவதில்லை. முதல் ஊசி பக்கத்து ஊரிலேயே போட்டு, அதற்கப்புறம் அனுப்பணும்.

கடித்தால் என்ன செய்யணும்?

வெட்டாதே, உறிஞ்சாதே, கயிறு போட்டு இறுக்காதே. இறுக்கினால் கால் அழுகும். ஏற்கெனவே கட்டிவிட்டால் வழியில் அவிழ்க்க வேண்டாம், ஆஸ்பத்திரியில் டாக்டர்தான் அவிழ்க்கணும்.

மோதிரம், மெட்டி, வளையல், கொலுசு கழற்று. வீங்கினால் கழற்ற முடியாது.

கடிபட்ட கை காலை எலும்பு முறிந்த மாதிரி குச்சி வைத்து அசையாமல் வை. ஆளை நடக்க விடாதே, ஓட விடாதே. பக்கத்தில் நின்று அழுது பயமுறுத்தாதே.

108-க்குப் போன் போடு. வண்டி தாமதம் என்றால் இரு சக்கர வண்டியில் நடுவில் உட்கார வைத்துப் பிடித்துக்கொண்டு போ. கடித்த நேரத்தை மனசில் வை.

ஆஸ்பத்திரியில் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து இருபது நிமிஷம் வைத்து உறைகிறதா என்று பார்ப்பார்கள். பார்க்காவிட்டால் "பாருங்க சார்" என்று மரியாதையாகக் கேள். அது உன் உரிமை. ஒன்றும் தெரியவில்லை என்றாலும் ஒரு நாள் முழுக்க அங்கேயே இரு.

கடிபடாமல் இருக்க: ராத்திரி டார்ச் இல்லாமல் இறங்காதே. முழங்கால் வரை பூட்ஸ் போடு. தடியால் தரையைத் தட்டிக்கொண்டு போ, அதிர்வு தெரிந்தால் பெரும்பாலான பாம்பு விலகிவிடும். மோட்டார் ரூம் கதவைத் திறந்ததும் கையை உள்ளே விடாதே, முதலில் லைட் அடித்துப் பார். வெங்காயப் பட்டறை, தட்டைப் போர், விறகு அடுக்கு எதிலும் தடி போகாமல் கை போகக் கூடாது. கட்டிலில் படு. கட்டில் இல்லையென்றால் கொசுவலை கட்டி ஓரத்தைப் பாய்க்கு அடியில் சொருகு, கட்டு விரியன் உள்ளே வராது.

செத்தால் என்ன மரியாதை?

ஒடிசாவிலும் உத்தரப் பிரதேசத்திலும் பாம்புக்கடிச் சாவை மாநிலப் பேரிடர் என்று அறிவித்து, குடும்பத்துக்கு 4 லட்ச ரூபாய் கொடுக்கிறார்கள். வெள்ளத்தில் செத்தவனும் பாம்பு கடித்துச் செத்தவனும் அங்கே ஒன்று. நம்ம மாநிலத்தில் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் விபத்துச் சாவுக்கு உதவி உண்டு. ஆனால் அட்டை இருக்கணும், பிரேதப் பரிசோதனை இருக்கணும், போலீஸ் பதிவு இருக்கணும். துக்கத்தில் "அறுக்க வேண்டாம்" என்று பிணத்தை அப்படியே எடுத்துப் புதைத்துவிடுகிறோம். அதோடு அந்தக் குடும்பத்துக்கு வர வேண்டியதையும் சேர்த்துப் புதைக்கிறோம். மனசைக் கல்லாக்கிக்கொண்டு பரிசோதனைக்குச் சம்மதியுங்கள். குத்தகைக்கு உழுகிறவனும், கூலிக்குத் தண்ணீர் கட்டுகிறவனும் பட்டா இல்லை என்பதற்காக விடுபடக் கூடாது. ராத்திரி வரப்பில் நிற்பதில் பாதிப் பேர் அவர்கள்தான். பாம்பு பட்டா பார்த்துக் கடிப்பதில்லை.

எங்கள் கோரிக்கைகள்

1. விவசாயப் பாசனத்துக்கு மூணு பேஸ் மின்சாரத்தைத் தடையில்லாமல் பகலிலேயே கொடு. ராத்திரி முறையை ஒழி. பீடர் வாரியாக நேரத்தை ஊராட்சிப் பலகையில் எழுது.

2. எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பாம்புக்கடி மருந்து, அதைப் போடத் தெரிந்த டாக்டர், ராத்திரியிலும். கையிருப்பு எத்தனை குப்பி என்று வாசலில் பலகை வை.

3. தாலுகா ஆஸ்பத்திரிகளில் மூச்சு மிஷினும் ரத்தச் சுத்திகரிப்பு வசதியும் எந்நேரமும் இயங்கட்டும்.

4. பாம்புக்கடிச் சாவுக்கு ஒடிசா, உத்தரப் பிரதேசம் போல 4 லட்சம் கொடு. குத்தகைதாரர், கூலித் தொழிலாளர் எல்லோருக்கும் கொடு. உறுப்பு இழந்தவருக்கும் உதவி கொடு.

5. 2024 உத்தரவின்படி எடுக்கிற கணக்கை, கடித்த இடம், நேரம், செய்த வேலை உட்பட, கிராம சபையில் படி.

6. சிறு விவசாயிக்கும் கூலித் தொழிலாளிக்கும் பூட்ஸும் டார்ச்சும் மானியத்தில் கொடு.

நம் கடமை

இத்தனை வருஷம் கரண்டுக் கட்டணத்துக்காகப் போராடினோம். அது எந்த நேரத்தில் வருகிறது என்று கேட்க மறந்தோம். அந்தத் தப்பைச் சங்கம் ஒத்துக்கொள்கிறது. மாலை போடுவதோடு நம்ம வேலை முடிந்தது என்று இனி இருக்க மாட்டோம். மின்வாரிய அலுவலகம் முன்பு ஆர்ப்பாட்டம் நடத்த முடிவு செய்திருக்கிறோம். நாளைக் கிளைச் செயலாளர்கள் வீடு வீடாக வந்து சொல்வார்கள். வரும்போது ஒவ்வொருவரும் ஒரு டார்ச் லைட்டும் ஒரு மண்வெட்டியும் கொண்டு வாருங்கள். பட்டப் பகலில் டார்ச் அடித்துக் காட்டுவோம். பகல் எப்படி இருக்கும் என்று அதிகாரிகளுக்குத் தெரியட்டும்.

பாம்பைக் கொண்டு வராதீர்கள். அது பாவம், அதுக்கும் நம்மளை மாதிரி ராத்திரி வேலை. அதை அடிக்கவும் வேண்டாம், 1972 சட்டப்படி அது குற்றமும்கூட. வீட்டுக்குள் வந்தால் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள். நம்ம சண்டை பாம்போடு இல்லை. நம்மளையும் பாம்பையும் ஒரே இருட்டில் தள்ளிவிட்டு, விதி என்று சொல்லித் தப்பிக்கிறவர்களோடுதான்.

கட்சி பார்க்காமல், சாதி பார்க்காமல், காட்டு வேலையை ஒரு நேரம் நிறுத்திவிட்டு வாருங்கள். அடுத்த ராத்திரி முறை யாருக்கு என்று யாருக்கும் தெரியாது.

பகல் கரண்டு நம் உரிமை! பாம்புக்கடிச் சாவு விதியல்ல!

இவண்,
செயலாளர்,
விவசாயிகள் சங்கம்,
ஒட்டன்சத்திரம்.